லீவு நாளில் கூடும் இடுப்பு வலி: ஆபரேஷனா, வேறு டாக்டரா?

பல்லாவரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். இரண்டு வருடத்துக்கு மேலாக இடுப்பு வலி. இப்போது ஆபரேஷன் வரை பேச்சு வந்துவிட்டது. முடிவெடுக்கும் முன் நாலு பேரிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலி நடு முதுகில் இல்லை. பேண்ட் பெல்ட் உட்காரும் இடத்துக்குக் கீழே, புட்டத்தின் மேல்பக்கம், உள்ளே ஆழத்தில் வலிக்கிறது. சில வாரம் வலது பக்கம், சில வாரம் இடது பக்கம். சில நேரம் தொடையின் பின்பக்கம் வரை இறங்கும், முழங்காலைத் தாண்டியதில்லை. கீழே விழவில்லை. பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்டது என்று சொல்லவும் ஒன்றும் நடக்கவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் கேட்டால் தேதி சொல்ல முடியாது. மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது.

"நாள் பூரா நிற்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும்?" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நிற்பது மட்டும் என்றால் பரவாயில்லை. குனிந்து சேலை விரிக்க வேண்டும், ரேக்கிலிருந்து சேலைக் கட்டுகளை இறக்க வேண்டும், வாடிக்கையாளர்கள் போனதும் மறுபடி மடித்து அடுக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகிவிடும். ஆனால் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கடையில் கூட்டம் நெரியும் நாளில் வலி குறைவு. வார லீவில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன் என்றால், எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது.

ராத்திரி இன்னும் மோசம். படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும், மூன்று மணி, நான்கு மணிக்கு வலியே எழுப்பிவிடும். புரண்டு படுத்தாலும் சரியாகாது. எழுந்து ஹாலில் கொஞ்ச நேரம் நடந்தால்தான் அடங்கும். காலையில் இடுப்பு விறைத்துப் போயிருக்கும், குனிந்து செருப்பின் வாரை மாட்ட முடியாது. வெந்நீரில் குளித்து, ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயில் சைதாப்பேட்டை தாண்டும்போதுதான் உடம்பு இளகும். மகளுக்கு இரண்டு வயது. காலையில் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள், தூக்க முடிவதில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தூக்கிவிடுகிறேன். இது என்ன கணக்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதுவரை பார்த்த வைத்தியம்: முதலில் பக்கத்துக் கிளினிக்கில் ஊசியும் வலி மாத்திரையும். மாத்திரை சாப்பிடும்வரை நன்றாகவே கேட்டது, நிறுத்தினால் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எம்ஆர்ஐயில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டு இடத்திலும் டிஸ்க் பல்ஜ் (எலும்புக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பது), லேசான நரம்பு அழுத்தம் என்று வந்தது. ஜவ்வு விலகியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்து, முழு ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று ஓய்வெடுத்தேன். இந்த இரண்டு வருடத்தில் அதைவிட மோசமான நாட்கள் எனக்கு வந்ததில்லை. பிசியோவில் கரண்ட் வைத்தார்கள், இடுப்பை இழுத்துக் கட்டி டிராக்‌ஷன் போட்டார்கள். போன மாதம் "ஆபரேஷன் பண்ணிவிடுங்கள், தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும்" என்று சொல்லி எஸ்டிமேட் கையில் கொடுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. முதுகில் கத்தி வைத்தால் அவ்வளவுதான் என்கிறார் மாமனார்.

கால் மரத்துப்போவதில்லை. சிறுநீர், மலம் போவதில் பிரச்சினை இல்லை. காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. நான் கேட்பது இரண்டுதான். இது டிஸ்க் வலிதானா? அடுத்து எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா, யாரைப் பார்ப்பது?

பிசியோ_தாமரை

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். எழுதியதை வைத்து நோய் இன்னது என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதற்கு முன் ஒரு ரூமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். மூட்டு வாதத்துக்கான ஸ்பெஷலிஸ்ட். எலும்பு டாக்டரும் இல்லை, நரம்பு டாக்டரும் இல்லை.

காரணம் சொல்கிறேன். பெரும்பாலான இடுப்பு வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. இடுப்பு வலியில் அழற்சியால் வருகிற ஒரு வகை உண்டு. அதைச் சந்தேகிக்க ஐந்து கேள்வி கேட்பார்கள். 40 வயதுக்கு முன் ஆரம்பித்ததா, மெல்ல மெல்ல வந்ததா, உடம்பை அசைத்தால் குறைகிறதா, ஓய்வெடுத்தும் குறையாமல் இருக்கிறதா, ராத்திரி வலித்து எழுந்தால் சரியாகிறதா. ஐந்தில் நான்குக்கு ஆமாம் என்றால் கட்டாயம் மேலே பார்க்க வேண்டும். நீங்கள் கேட்காமலேயே ஐந்துக்கும் பதில் எழுதிவிட்டீர்கள். வலி பக்கம் மாறி மாறி வருவதும் இதில் சகஜம்.

அப்படியானால் எம்ஆர்ஐயில் வந்தது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஆனால் பல்ஜ் இருப்பது வேறு, வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறு. 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பல்ஜ் இருந்தது. 2015-இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலியே இல்லாத 30 வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்குப் பல்ஜ் இருந்தது. உங்கள் கடையில் உங்கள் வயதுக்காரர் பத்துப் பேரைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தாலும் மூன்று நான்கு பேருக்கு அதே வரி ரிப்போர்ட்டில் வரலாம்.

இன்னொன்று. நீங்கள் வலி என்று காட்டுகிற இடம், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு. எஸ்ஐ ஜாயிண்ட் என்போம். இடுப்புத் தண்டுவடத்துக்கு எடுக்கிற வழக்கமான எம்ஆர்ஐயில் இந்த மூட்டு சரியாக விழாது. அதற்குத் தனியாக எழுதித் தர வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருடம் ஆகலாம், அதனால் எக்ஸ்ரே நார்மல் என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

டாக்டரிடம் போகும் வரை ஒன்று செய்து பாருங்கள், கடையில் டேப் இருக்குமே. இடுப்பில் பின்பக்கம் இரண்டு குழி தெரியும், அதன் நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து நேர் மேலே 10 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி. முழங்காலை மடக்காமல் முடிந்தவரை குனியுங்கள், மனைவியை அளக்கச் சொல்லுங்கள். அந்த 10 செ.மீ. 15 அளவுக்கு விரிய வேண்டும். விரியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். விரிந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது.

எனக்குச் சில பதில் வேண்டும். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து வலித்ததா? குதிகால் வலி உண்டா? தோலில் செதில் செதிலாக உரிகிறதா? அடிக்கடி வயிற்றுப்போக்கு? குடும்பத்தில் யாருக்காவது கூன் விழுந்திருக்கிறதா?

கடைசியாக, இதைப் படிக்கிற எல்லோருக்கும்: இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமல் போய்விட்டால், உட்காருமிடம் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

அம்பத்தூர்_லேத்

தம்பி, தாமரை மேடம் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க் ஆபரேஷன் என்றாலே ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் வேலை எனக்கு. எல்5-எஸ்1. எனக்கு வலி இடுப்பில் கொஞ்சம்தான், காலில்தான் உயிர் போயிற்று. புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகச் சுண்டு விரல் வரை சுரீர் என்று இறங்கும். தும்மினால் தாங்க முடியாது. உட்கார்ந்தால் கூடும், மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குறையும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் சரியாகும் என்று சொல்லி, என்னைப் பார்த்த டாக்டர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. காத்திருந்தோம். அப்புறம் நுனிக்காலில் எம்ப முடியாமல் போயிற்று. கெண்டைச் சதை வலு குறைகிறது என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் செய்தார்கள். கால் வலி கண் விழித்தபோதே இல்லை. இடுப்புப் பிடிப்பு இன்னமும் அவ்வப்போது வரும். ஆபரேஷன் காலுக்குத்தான், இடுப்பு வலி முழுக்கப் போகும் என்று நம்பி வராதீர்கள் என்று அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.

உங்களுக்கு வலி முழங்காலைத் தாண்டியதில்லை, கால் மரத்துப்போவதும் இல்லை என்கிறீர்கள். கால் விழுந்துவிடும் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று அந்த மருத்துவமனையிலேயே திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பல்லாவரத்தான்

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். போன வருடம் இடது கண் மட்டும் செக்கச் செவேல் என்று சிவந்தது. எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். ஆனால் பீளை கட்டவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் வலித்தது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் காட்டி, சொட்டு மருந்து விட்டுச் சரியானது. கண்ணின் உள்ளே அழற்சி என்று சீட்டில் எழுதியிருந்தார்கள், அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. இதற்கும் இடுப்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

குதிகால் வலி உண்டு. காலையில் முதல் அடி வைக்கும்போது. நிற்கிற வேலை என்று விட்டுவிட்டேன். பெரியப்பாவுக்கு நாற்பதிலேயே முதுகு வளைந்துவிட்டது, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார். நெசவு வேலை, தறியிலேயே உட்கார்ந்ததால் வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

டேப்பில் அளந்தோம். 10 செ.மீ. 13-ஐத் தொடவில்லை.

அயனாவரம்காரர்

தம்பி, உங்கள் பெரியப்பாவைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த நோய்தான். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், ஏஎஸ் என்பார்கள். ஆரம்பக் கட்டத்தில், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன், ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்கள். என் வயது இப்போது 46. எனக்குக் கல்லூரி முடிக்கும்போதே ஆரம்பித்தது, பெயர் தெரிய முப்பது தாண்டிவிட்டது. அதற்குள் கழுத்து பாதி இறுகிவிட்டது. பைக் ஓட்டும்போது பக்கத்துக் கண்ணாடி இல்லாமல் பின்னால் பார்க்க முடியாது. உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது, வர வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டையும், தசைநார் எலும்பில் போய் ஒட்டும் இடத்தையும் தாக்குகிறது. குதிகால் வலி அதனால்தான். கண்ணும் அதே கதை. ஏஎஸ் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது எப்போதாவது கண் அழற்சி வரும். புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, ஆறுகிற இடத்தில் புது எலும்பு முளைத்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது நடப்பதற்கு முன் பிடித்துவிட வேண்டும்.

பரிசோதனை என்னென்ன என்று கேட்பீர்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி பார்ப்பார்கள். இவை நார்மலாக இருந்தும் நோய் இருக்கலாம். ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அது பாசிட்டிவ் என்பதாலேயே நோய் உண்டு என்றாகாது, நெகட்டிவ் என்பதாலேயே இல்லை என்றும் ஆகாது. லேபில் நீங்களாகப் போய் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். எஸ்ஐ ஜாயிண்ட் எம்ஆர்ஐதான் முக்கியம், எலும்புக்குள் நீர் கோத்திருப்பது அதில் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து, உங்களைத் தொட்டுப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே போவது? கடையில் சம்பளச் சீட்டு தருகிறார்களா? மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் 0.75 சதவீதம் இஎஸ்ஐக்கு (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் ஆரம்பித்து, கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தகுதி இருந்தால் 70 சதவீதக் கூலி, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஓய்வெடுத்த நாட்களின் சம்பளம் போயிற்று என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கடையில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லையா?

இஎஸ்ஐ இல்லை என்றால் ஜி.ஹெச். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரூமட்டாலஜி தனித்துறையாகவே இருக்கிறது. நான் பார்ப்பது அங்கேதான். பல்லாவரத்திலிருந்து அதே பீச் வண்டியில் மாம்பலத்தில் இறங்காமல் பார்க் வரை வந்தால் போதும், நடக்கும் தூரம்தான். ஓ.பி. காலையில்தான். பழைய சீட்டு, எம்ஆர்ஐ ஃபிலிம், எழும்பூர் கண் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும், அந்தக் கண் சீட்டு பெரிய சாட்சி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கேட்டுப் பாருங்கள். எந்த அரசு மருத்துவமனையில் என்ன பிரிவு என்பதற்கு 104-ஐக் கூப்பிட்டால் சொல்வார்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் வலி மாத்திரைதான், ஆனால் வலிக்கும்போது ஒன்று என்று இல்லாமல், முழு அளவில் தொடர்ந்து சில வாரம் கொடுப்பார்கள். வயிறு, கிட்னி, பிரஷர் பார்த்துக்கொண்டுதான் கொடுக்க முடியும், மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு வகை கொடுத்தும் அடங்காவிட்டால் பயலாஜிக் ஊசி, அழற்சியைத் தூண்டும் பொருளையே தடுக்கிற மருந்து. அதற்கு முன் டிபி இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள், நம் ஊரில் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் டிபி பலருக்கு உண்டு, இந்த ஊசி அதை எழுப்பிவிடும். ஊசி முன்பெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 2014 கடைசியில் அந்த வகையில் ஒன்றான அடலிமுமாப் ஊசியை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் எட்டுகிற தூரத்துக்கு வந்தது.

எல்லாவற்றையும்விட உடற்பயிற்சி. மாத்திரை சாப்பிடுகிறவர் பயிற்சியை விட்டால் முதுகு இறுகும். நான் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் செய்கிறேன், குப்புறப் படுப்பதையும் சேர்த்து. முடிகிற மாதங்களில் மெரினா மாநகராட்சி நீச்சல் குளத்துக்குப் போவேன், தண்ணீருக்குள் எனக்கு நோயே இல்லாத மாதிரி இருக்கும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள், புகை இந்த நோயை வேகப்படுத்தும். மெத்தென்ற படுக்கையும் உயரமான தலையணையும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

தம்பிக்கு ஆசிகள். இவ்வளவு மருந்து தேவையா என்று யோசியுங்கள். நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம், நல்ல தைலம், அனுபவப்பட்டவரிடம் தொக்கணம் (சித்த முறையில் உடம்பு பிடித்துவிடுவது). எங்கள் தெருவில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இடுப்பை ஒரே திருப்பில் சரி செய்துவிடுகிறார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

பிசியோ_தாமரை

ஐயா, ஒத்தடமும் தைலமும் தாராளமாகச் செய்யலாம், இறுக்கம் தளரும். சித்த வைத்தியம் பார்ப்பதென்றால் நீங்கள் சொன்ன மாதிரி அரசு நிறுவனத்தில், படித்த மருத்துவரிடம், எல்லா ரிப்போர்ட்டையும் காட்டிப் பார்க்கட்டும். ஆனால் திருப்பி எடுப்பது மட்டும் இந்தத் தம்பிக்கு வேண்டவே வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழற்சியில் இறுகிவரும் முதுகெலும்பு எளிதில் உடையும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மாத்திரைப் பொடியும் வேண்டாம், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் ஊதிச் சர்க்கரை ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி, பெல்ட்டைக் கழற்றிவிடலாமா என்றும் ரூமட்டாலஜி டாக்டரிடம் கேளுங்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கே பெல்ட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இன்னும் எத்தனை இடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் இழுத்துக் கட்டுகிறார்கள் என்று நினைத்தால் என் தொழிலை நேசிக்கிற எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மல்லிகா_கொளத்தூர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி. பையனுக்கு நாலு வயது. ஊசியால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் விடியற்காலையில்தான் அதிகம். பெண்களுக்கு இந்த நோய் வருமா?

பிசியோ_தாமரை

வரும் மல்லிகா. ஆண்களுக்குத்தான் வரும் என்று நினைத்தே பெண்களுக்குப் பல வருடம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். வருடக்கணக்கான வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, தளர்ந்த வயிற்றுத் தசை என்று பிள்ளை பெற்றவர்களுக்கு வலி வர வேறு காரணங்கள் நிறைய. ஆனால் அந்த ஐந்து கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதுகெலும்பு டிபியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி, ஊசி என்று இருந்துவிடாமல் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

பல்லாவரத்தான்

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். இஎஸ்ஐ அட்டை எனக்கு இருந்தது, பீரோவில். டிஸ்பென்சரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரூமட்டாலஜி டாக்டர் என்று அலைச்சல் இருந்தாலும் கைக்காசு பெரிதாகச் செலவாகவில்லை.

அந்த அம்மா என்னை அரை மணி நேரம் பார்த்தார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னார்கள், மூச்சை இழுக்கச் சொல்லி நெஞ்சை அளந்தார்கள். கண் சீட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "இதை ஏன் யாரும் கேட்கவில்லை?" என்றார்கள். சிஆர்பி கூடுதல், பி27 பாசிட்டிவ், எஸ்ஐ ஜாயிண்ட் எம்ஆர்ஐயில் இரண்டு பக்கமும் அழற்சி. ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று எழுதினார்கள். எலும்பு இன்னும் ஒட்டவில்லை. டிஸ்க் ஆபரேஷன் தேவையில்லை என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள், மாமனாரிடம் காட்டினேன்.

வலி மாத்திரை முழு அளவில் தினமும், கூடவே வயிற்றுக்கு ஒன்று. கிட்னி டெஸ்ட் எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடங்காவிட்டால் ஊசி பற்றி அப்போது பேசலாம் என்றார்கள். ராத்திரி விழிப்பு இப்போது குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. பயிற்சி பழகிக்கொண்டிருக்கிறேன், முதல் பத்து நிமிடம் கஷ்டம்.

இனி சாகும்வரை இந்த நோயோடுதான் என்பதை ஏற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. அதைவிட ஒன்று மனதை அரிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, பாப்பாவுக்கு வருமா என்பதுதான். டாக்டரிடம் கேட்க அப்போது தோன்றவில்லை. அயனாவரம் அண்ணா, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? இன்னொன்று, கடையில் எப்படிச் சொல்வது? வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அயனாவரம்காரர்

இரண்டு பெண்கள் தம்பி. பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள். என் டாக்டரிடம் இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அந்த மரபணு பிள்ளைக்குப் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. போனாலும், பி27 இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதே இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். குழந்தைக்கு இப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றார் அவர். நாங்கள் எடுக்கவில்லை. வளர்ந்த பிறகு காலை இறுக்கமோ, ஒரு கண் சிவப்போ, மூட்டு வீக்கமோ வந்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும். உங்கள் பெரியப்பா வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவர் பிள்ளைகளுக்கு முதுகு எப்படி இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கடை விஷயம். முதலாளியிடம் நேராகப் போகாமல் உங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் டாக்டர் சீட்டோடு பேசுங்கள். நிற்கும்போதே அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறி நடக்க விட்டால் போதும், கட்டு இறக்கும் வேலையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். உட்கார இடம் கேட்பதற்கும் தயங்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. உங்களுக்கு நடப்பது நல்லது என்றாலும், பக்கத்து கவுன்டரில் நிற்கிற பெண்களுக்கும் அந்த நாற்காலி வேண்டும்.

மறுபடி பார்க்கப் போகும்போது கழுத்தையும் அளக்கச் சொல்லுங்கள், இப்போதைய அளவு சீட்டில் இருந்தால் பின்னால் ஒப்பிட உதவும். கண் மறுபடி சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றைக்கே எழும்பூர் போய்விடுங்கள். பயிற்சியில் எது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதுங்கள், தாமரை மேடம் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.